பெரியப்பாவின் பழைய கணினி: பழுதுபார்க்க வேண்டாம், உள்ளே இருப்பதை எடுத்துவிடுங்கள்

கேள்வி: சிங்கப்பூர் தோ பாயோவில் இருக்கும் பெரியப்பாவின் மேசைக் கணினி 2006 வாக்கில் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி. கொஞ்ச நாளாகத் திறக்கவே வெகுநேரம் ஆகிறது, நடுவில் உறைந்துபோகிறது, சில நேரம் உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது. குடும்பப் படங்கள், அக்கா கல்யாண வீடியோ, பெரியப்பா எழுதிய கதைகள், கட்டுரைகள் எல்லாம் அதில்தான். வேறெங்கும் நகல் இல்லை. அத்தை மகன் 'செக் டிஸ்க்' ஓட்டச் சொல்கிறார். இன்னொருவர் ஹார்டு டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார். இரண்டு கட்டுரைகளைத் தம்ப் டிரைவில் எடுத்து என் மடிக்கணினியில் திறந்தால் ஓர் எழுத்தும் புரியவில்லை. கடையில் கொடுத்துவிடலாமா, நானே முயலலாமா?

பதில்:

முதலில் அதை அணைத்துவிடுங்கள். அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்றி வையுங்கள். பெரியம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "இன்னும் ஓடுதான்னு சும்மா பார்ப்போம்" என்று வீட்டில் ஆளுக்கொரு முறை தட்டிப் பார்ப்பதிலேயே பல ஹார்டு டிஸ்க்குகளின் கதை முடிந்துவிடுகிறது.

அந்தக் காலத்துக் கணினியில் இருப்பது சுழலும் தட்டு. மேசைக் கணினி என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று. தட்டைப் படிக்கும் முனை அதைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில், தட்டு சுழலும்போது எழும் காற்றில் மிதக்கிறது. முனை தளர்ந்தாலோ தட்டில் கீறல் விழுந்தாலோ, ஒவ்வொரு சுழற்சியும் கீறலைப் பெரிதாக்கலாம். உங்கள் பெரியப்பாவின் டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணிநேர ஆயுள் என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கும் நேரத்தை எதற்குச் செலவழிக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. விண்டோஸ் திறக்கும்வரை காத்திருப்பது, வைரஸ் தேடுவது, தேவையில்லாத மென்பொருளை நீக்கி 'வேகப்படுத்துவது' எல்லாமே அந்த நேரத்தைத் தின்னும் வேலைகள்.

கணினியைச் சரிசெய்வது ஒரு வேலை, கோப்புகளைக் காப்பாற்றுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் இழக்கிறார்கள். அத்தை மகன் சொல்லும் செக் டிஸ்க் முதல் வகை. அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி. ஒழுங்குபடுத்துவதற்காக டிஸ்க்கில் எழுதும். படிக்க முடியாத பதிவுகளை நீக்கும். அறுந்துபோன துண்டுகளுக்குத் தானாக ஓர் எண் வைத்து ஒரு மூலையில் போடும். நல்ல டிஸ்க்கில், மின்சாரம் திடீரென்று போனதால் வந்த கோளாறுக்கு அது சரி. தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் ஓட்டினால், நேற்றுவரை மீட்கக்கூடியதாக இருந்த ஃபோல்டர் இன்று பெயரில்லாத துண்டுகளாகிவிடும்.

ஃப்ரீசர் யோசனை எப்போதோ, எங்கேயோ, யாருக்கோ பலித்திருக்கலாம். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்த சில நொடிகளில் வெளியிலும் உள்ளேயும் நீர் படியும். ஹார்டு டிஸ்க் முழுக்க அடைத்த பெட்டியும் அல்ல, காற்றழுத்தம் சமப்பட அதில் சிறு துளை உண்டு. ஈரம் பட்ட தட்டின்மேல் முனை ஓடினால் பிறகு எந்த நிபுணரிடம் போனாலும் அவர் உதட்டைத்தான் பிதுக்குவார். தட்டுவது, குலுக்குவது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம்.

அடுத்து, கெட்டது டிஸ்க்தானா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு வயதான கணினியில் மின்வழங்கிப் பெட்டி, மதர்போர்டு எதுவும் கெட்டிருக்கலாம். 2000களின் தொடக்கத்தில் வந்த பல மதர்போர்டுகளில் தரமற்ற கபாசிட்டர்கள் இருந்தன. அவற்றின் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மின்வழங்கி பலவீனமானால் 12 வோல்ட் சரியாக வராமல் டிஸ்க் சுழன்று, நின்று, மறுபடி சுழலும். வெளியில் கேட்பவருக்கு அதுவும் டிக் டிக்தான். ஆகவே அந்தச் சத்தத்தைக் கேட்டவுடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போய், கணினி திறக்காமல் அடம்பிடிக்கும். அதற்கு முஸ்தபா கடையில் ஒரு பேட்டரி வாங்கினால் தீர்ந்தது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு நல்ல மின்சாரத்தில் இணைத்த பிறகும் சத்தம் வந்தால், அது எந்த வகை என்று காது கொடுத்துக் கேளுங்கள். சீரான இடைவெளியில் டக், டக், டக் என்று அடித்து, அப்புறம் சுழற்சி நின்றுபோனால் முனை போய்விட்டது என்று பொருள். கரகரவென்று உரசும் சத்தமும், சுழலாமல் உறுமும் சத்தமும் அதே கணக்கு. இந்த மூன்றில் எது கேட்டாலும் உடனே பிடுங்கிவிட்டுக் கடைசியில் நான் சொல்லும் நிபுணர் பகுதிக்குப் போய்விடுங்கள். சாதாரணமாகச் சுழன்று, எப்போதாவது ஒரு டிக் வந்து, அந்த நேரத்தில் மட்டும் படிப்பது நின்று மீண்டும் தொடர்ந்தால், தட்டில் சில இடங்கள் கெட்டிருக்கின்றன. வெகுநேரம் கழித்தாவது திறக்கிறது என்று நீங்கள் சொல்வதால் இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதை வீட்டிலேயே செய்யலாம்.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் பெரியப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். பலர் விடும் கட்டம் இது. "பெரியப்பா, இதுல எது போனா உங்களுக்குத் தாங்காது?" என்று கேளுங்கள். நீங்கள் கல்யாண வீடியோவை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் 1998இல் வானொலிக்கு எழுதி அனுப்பிய நாடகத்தைச் சொல்வார். வீடியோவுக்கு அக்காவிடமோ மாப்பிள்ளை வீட்டிலோ ஒரு வட்டு இருக்க வாய்ப்புண்டு, நாடகத்துக்கு வேறு நகலே இருக்காது. எந்த ஃபோல்டரில் வைத்தார், சி டிரைவா டி டிரைவா, எந்த மென்பொருளில் தமிழ் அடித்தார், மின்னஞ்சலை எதில் படித்தார், கடவுச்சொல் எங்கே எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள், கடவுச்சொல் அங்கேயே ஒட்டியிருக்கலாம். "நான் ஒண்ணும் அழிக்க மாட்டேன், பெட்டிய அப்படியேதான் வைப்பேன்" என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பலருக்கு உண்மையான பயம் அதுதான்.

சரி, இப்போது பெட்டியைத் திறக்கலாம். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ, பக்கவாட்டுத் தகடு பின்னால் நகர்ந்து வந்துவிடும். வருடக்கணக்கில் சேர்ந்த தூசி பஞ்சுப் பொதியாக விசிறியில் சுற்றியிருக்கும். அதை ஊதாதீர்கள், தும்மலோடு போகாது. பெட்டியின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, டிஸ்க்கின் கேபிளைப் பாருங்கள். 2006 என்பது இரண்டுங்கெட்டான் காலம். ரிப்பன் போல அகலமான சாம்பல் நிறக் கேபிளும், நான்கு ஊசி கொண்ட வெள்ளை மின் இணைப்பும் இருந்தால் அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை. விரல் அகலத்தில் மெல்லிய கேபிள் என்றால் அதற்கு அடுத்து வந்த சாட்டா. கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் எடுங்கள். மாடல் எண் பின்னால் தேவைப்படும்.

உங்கள் மடிக்கணினியோடு இணைக்க யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். ஐடிஇ, சாட்டா இரண்டும் ஏற்கும் அடாப்டர்கள் உண்டு. சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறிக் கேட்டால் கிடைக்கும். பழைய பொருள் விற்கும் கெரோசல் செயலியில் யாராவது பழையதை விற்றுக்கொண்டிருப்பார்கள். வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: தனி மின்வழங்கி கூடவே வர வேண்டும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை, அது யுஎஸ்பி வழியாக வராது. மடிக்கணினியின் இரண்டரை அங்குல டிஸ்க் என்றால் 5 வோல்ட் போதும். ஐடிஇ டிஸ்க்கின் பின்னால் ஊசிகளை இணைக்கும் சின்னஞ்சிறு மூடி, ஜம்பர் என்பார்கள், ஒன்று இருக்கும். பெரும்பாலான அடாப்டர்களுக்கு அது மாஸ்டர் நிலையில் இருக்க வேண்டும். எப்படி என்று டிஸ்க்கின் லேபிளிலேயே படம் போட்டிருப்பார்கள். டிஸ்க் தெரியவே இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பழைய கணினியையே தம்ப் டிரைவில் இருக்கும் லினக்ஸ் மூலம் திறந்து எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அந்தக் காலத்து மதர்போர்டுகளில் பல யுஎஸ்பியிலிருந்து திறக்காது, திறந்தாலும் யுஎஸ்பி வேகம் குறைவு, 32 பிட் சில்லு என்றால் இன்றைய லினக்ஸ் பதிப்புகள் பலவும் ஓடாது. போதாக்குறைக்கு அந்தச் சந்தேகத்துக்குரிய மின்வழங்கியையே மறுபடி நம்ப வேண்டும். டிஸ்க்கை வெளியே எடுப்பதே மேல்.

டிஸ்க்கை மெத்தையிலோ சோபாவிலோ வைக்காதீர்கள். மரமேசையில் சமமாக வைத்து, பக்கத்தில் மேசை விசிறியை ஓடவிடுங்கள். சுழலும்போது நகர்த்தவே கூடாது.

இப்போது உங்கள் முன் இரண்டு வழிகள் உண்டு. மீட்புத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வது: முதலில் டிஸ்க்கை முழுதாக ஒரே பெரிய கோப்பாக, அதாவது ஒரு பிம்பமாக, நகலெடு, பிறகு அந்த நகலில் உட்கார்ந்து நிதானமாகத் தேடு. இதற்கென்றே உள்ள இலவசக் கருவி குனூ டிடிரெஸ்க்யூ. அது சாதாரண நகல் கருவியைப் போல ஒரு கெட்ட இடத்தில் முட்டி நிற்காது. முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிவதை எல்லாம் வாரிக்கொள்ளும், தடுக்கும் இடங்களைத் தாண்டிவிடும், அப்புறம்தான் விட்டுப்போனவற்றின் ஓரங்களை நெருங்கும். எங்கே படித்தோம், எங்கே விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். ஆகவே நடுவில் டிஸ்க் சூடானாலோ தொங்கினாலோ நிறுத்திவிட்டு, ஆறவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பு இல்லாமல் ஓட்டினால் இந்த வசதியே போய்விடும், மறக்க வேண்டாம். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை ரூஃபஸ் என்ற கருவி மூலம் தம்ப் டிரைவில் ஏற்றி உங்கள் மடிக்கணினியைத் திறந்தால் டிடிரெஸ்க்யூ உள்ளேயே இருக்கும்.

கட்டளை கொடுக்கும்போது எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றிப் போட்டால் வெற்று டிஸ்க் பெரியப்பாவின் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். டிஸ்க்குகளின் அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள்: பெரியப்பாவுடையது 80 ஜிபி, புதியது 1 டிபி என்றால் குழப்பம் வராது. இலக்கு டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும். ஃபேட்32 ஒரே கோப்பாக 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. பிம்பமும் ஏறாது, கல்யாண வீடியோவும் ஏறாது. 80 ஜிபி டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நகலாகிவிடும். கெட்ட இடங்கள் நிறைய இருந்தால் நாள்கணக்கில்கூட இழுக்கும். முதல் சுற்று முடிந்ததும் நிறுத்தி, வந்ததைப் பாருங்கள். தேவையானதெல்லாம் வந்துவிட்டால் மிச்சத்துக்காக டிஸ்க்கை வதைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, கட்டளைத் திரையைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர்களுக்கு. விண்டோஸில் நேராக இணைத்து, தாளில் குறித்த வரிசையில் நகலெடுப்பது. வரிசை முக்கியம்: முதலில் எழுத்துகள், அப்புறம் படங்கள், கடைசியாக வீடியோ. பெரியப்பா வாழ்நாளெல்லாம் எழுதியது மொத்தமும் சில எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு நிமிடத்தில் வந்துவிடக்கூடிய அதை விட்டுவிட்டு 12 ஜிபி வீடியோவில் தொடங்குவது எனக்குப் பொறுக்காத காரியம். விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றால் கட்டாயம் ரத்துசெய்யுங்கள். ஃபோல்டர்களைச் சிறுபடக் காட்சியில் திறக்காதீர்கள், ஒவ்வொரு படத்தையும் படித்துப் பார்க்கத் தொடங்கிவிடும். பட்டியல் காட்சி போதும். ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டால் தாண்டிப் போங்கள், அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதல் வழிதான். கட்டளைத் திரையோடு பழகிய நண்பர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அழைத்தால் வேலை முடிந்துவிடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவி டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் கெட்ட இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்ற வரிகளின் 'ரா வேல்யூஸ்' பத்தியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால், அதுவும் பார்க்கப் பார்க்க ஏறினால், யோசனை வேண்டாம், முதல் வழியே.

நகல் கிடைத்ததும் அவசரம் தீர்ந்தது. மூல டிஸ்க்கை ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி எடுத்து வையுங்கள். அழிந்த கோப்புகளைத் தேடுவது, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்றவற்றை ஓட்டுவது எல்லாம் இனி பிம்பத்தில்தான். ஃபோட்டோரெக் கோப்பின் தொடக்கக் குறியைப் பார்த்தே அடையாளம் காண்பதால், படங்கள் பெயரும் ஃபோல்டரும் இல்லாமல் மொத்தமாகக் கொட்டும். வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள்.

எக்ஸ்பியில் பயனர் கோப்புகள் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள் பெரியப்பாவின் பெயரில் இருக்கும். அனுமதி இல்லை என்று விண்டோஸ் தடுத்தால் பயப்பட வேண்டாம், அது பழைய கணக்கின் உரிமைப் பிரச்சினை மட்டுமே. லினக்ஸில் திறந்தால் அந்தத் தடையே இருக்காது. எதைப் பொறுக்குவது என்று யோசிக்காமல் அந்த ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள். டெஸ்க்டாப், மை டாக்குமெண்ட்ஸ் மட்டும் எடுப்பவர்கள், மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் கிடக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதங்களை விட்டுவிடுவார்கள். இந்தியாவிலிருந்து சித்தப்பா எழுதிய மின்னஞ்சல் எல்லாம் அதில் இருக்கும்.

அடுத்தது நீங்கள் சொன்ன புரியாத எழுத்து. கோப்பு கெடவில்லை. உங்கள் மடிக்கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு வீடுகளுக்குள் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியேற்றம், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற கணக்கு, வைத்திருந்தது. இங்கே, தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்று கூடிய முதல் மாநாடுகளில் ஒன்றான தமிழ்நெட் 97, சிங்கப்பூரில்தான் நடந்தது. 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டைத் தரமாக்கியது. இணையத்தில் எழுதியவர்கள் டிஸ்கி என்ற இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா 90களிலிருந்தே அடித்துவந்தவர் என்றால் அவர் ஃபோல்டருக்குள் இரண்டு மூன்று குறியேற்றங்கள் கலந்திருக்கலாம்.

அதனால் ஆவணங்களை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரையும் முழுதாக எடுங்கள். இதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த எழுத்துருவை உங்கள் கணினியில் நிறுவிவிட்டுக் கோப்பைத் திறந்தால் பெரியப்பா அடித்தது அப்படியே தெரியும். எழுத்துருப் பெயரின் முன்னொட்டே குறியேற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்: டாப், டாம், டிஎஸ்சி என்று தொடங்கும் பெயர்களைத் தேடுங்கள். எழுத்துரு கிடைக்காவிட்டாலும் குப்பையின் தோற்றமே ஒரு துப்பு. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி, டாப் வகையாக இருக்கும். சாதாரண ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வரிசையாக நின்றால் பாமினி என்ற எழுத்துருவின் வகை.

யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியதை அப்படியே நம்பாதீர்கள். பழைய குறியேற்றங்களில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால் என்று பதிவாகியிருக்கும். யூனிகோடில் உயிர்மெய்க்குறி மெய்யெழுத்துக்குப் பின்னால் வரும். மாற்றி தடுமாறினால் கொம்பு பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். பாமினி ஆவணத்தில் நடுவே ஆங்கில வார்த்தை இருந்தால் அதுவும் தமிழாகி உளறும். ஆகவே மாற்றிய பிரதி ஒன்று, தொடாத மூலம் ஒன்று, எழுத்துரு, இந்த மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். மெய்ப்புப் பார்க்கப் பெரியப்பாவையே உட்காரவையுங்கள், அவரைவிடச் சரியான ஆள் இல்லை. அச்சுக்காகப் பேஜ்மேக்கரில் வடிவமைத்த கோப்புகள் இருந்தால் லிப்ரே ஆபிஸில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு சிதறும், எழுத்து பெரும்பாலும் வரும்.

பழைய தமிழ்க் கோப்புகளுக்கு நான் இவ்வளவு இடம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. அச்சில் வந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் புத்தகங்களை மின்வடிவாக்கும் திட்டத்தைத் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து தன்னார்வலர்கள் செய்துமுடித்து 2015இல் வெளியிட்டார்கள். அச்சேறாமல் கணினியிலேயே நின்றுபோன எழுத்து எந்த நூலகத்துக்கும் வந்து சேராது. அது உங்களைப் போன்ற ஒருவர் கையில்தான் இருக்கிறது.

இனி நிபுணர். டக் டக் வகைச் சத்தம், உரசல், டிஸ்க் சுழலாமை என்றால் சாதாரணக் கணினிக் கடைக்குக் கொடுக்காதீர்கள். அவர்களும் நீங்கள் செய்யக்கூடிய அதே வேலையைத்தான் செய்துபார்ப்பார்கள், அதற்குள் டிஸ்க்கின் மிச்ச ஆயுள் போய்விடும். தூசியற்ற அறையில் திறந்து முனையை மாற்றும் வசதி உள்ள தரவு மீட்பு நிறுவனங்கள் சிங்கப்பூரில் உண்டு. செலவு சில நூறு வெள்ளியிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா, எதுவும் கிடைக்காவிட்டால் பணம் உண்டா, மீட்ட கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவீர்களா, எங்கள் தரவின் நகலை எப்போது அழிப்பீர்கள். டிஸ்க்கை வேறு யாராவது திறந்தார்களா என்று அவர்களும் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். கடையில் கொடுக்கும்போது அந்தரங்கமும் கூடவே போகிறது. 2008இல் ஹாங்காங் நடிகர் ஒருவரின் கணினிப் படங்கள், பழுதுபார்க்கக் கொடுத்த இடத்திலிருந்து வெளியேறி ஊரெல்லாம் சுற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். பெரியப்பாவின் டிஸ்க்கில் மத்திய சேம நிதி அறிக்கையும் வருமான வரிக் கடிதமும் இருந்தால் அதுவே போதும் ஏமாற்றுக்காரனுக்கு.

மீட்டவற்றை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று பெரியப்பா வீட்டில், ஒன்று உங்கள் வீட்டில். ஒரே அலமாரியில் இரண்டு டிஸ்க் வைப்பது ஒரு நகல்தான். தம்ப் டிரைவைச் சேமிப்பாக எண்ண வேண்டாம், அது எடுத்துச் செல்லத்தான். கோப்பின் அளவு சரியாக இருக்கிறது என்று திருப்தியடையாமல் படங்களைத் திறந்து பாருங்கள். கெட்ட இடத்திலிருந்து வந்த படம் பாதிக்குமேல் சாம்பல் நிறமாக இருக்கும்.

பழைய பெட்டியை, வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் காராங் குனி ஆளிடம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். டிஸ்க்கை வெளியே எடுத்த பிறகு கொடுங்கள், அல்லது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கீழ் 2021 ஜூலையிலிருந்து நடக்கும் மின்கழிவுத் திட்டத்தில் சேருங்கள். டிஸ்க்கைச் சில மாதம் வைத்திருந்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகு தட்டில் ஓட்டை போட்டுவிட்டு அதையும் அங்கேயே போடலாம்.

அந்தக் கணினியில் புது டிஸ்க் போட்டு எக்ஸ்பியையே ஓட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு ஆதரவை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஓடும் கணினி ஒன்றை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக் கொடுங்கள். அதில் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே உண்டு, தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. எது அவர் கைக்குப் பழகியது என்று கேட்டு, அதை மட்டும் சேருங்கள். இரண்டையும் போட்டுவைத்தால் கை தவறி மாறி, "எழுத்து மறுபடியும் கெட்டுப்போச்சுப்பா" என்று ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.